பழைய ஆட்களும் புது ஆட்களும் ஒரே குவெஸ்டில்: ஹட்டனில் டி அன்ட் டி ஆடிய அனுபவம்

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் (டி அன்ட் டி) என்பது ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. ஹட்டனில் நாங்கள் ஒரு கூட்டம் சில வருடங்களாக அதைத்தான் ஆடுகிறோம், பெரும்பாலும் போயா லீவில். கொழும்பில் வேலை செய்யும் பையன்கள் ஊருக்கு வந்தால் பழைய செட் கூடும். ஓ/எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரும் அதே மேசையில் வந்து உட்காருவார்கள். டிஎம், அதாவது கதையை நடத்தி அரக்கர்களையும் ஆட்டுவிக்கும் ஆள், நான்தான்.

செலவு என்று பெரிதாக இல்லை. 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். வேண்டிய பக்கங்களை மட்டும் கொமினிகேஷனில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டோம். டைஸ் இல்லாதவர்கள் போனில் உருட்டுவார்கள். மழைக்குக் கரண்ட் போனாலும் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு ஆட்டம் நடக்கும்.

லெவல் என்பது பாத்திரத்தின் பலம், 1இல் தொடங்கி ஆட ஆட ஏறும். லெவல் 5 ஆட்களோடு லெவல் 1 ஆளைச் சேர்க்கலாமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அடி படுகிறதா இல்லையா என்பதில் வித்தியாசம் கொஞ்சம்தான்: டைஸ் எண்ணோடு கூட்டும் புரொஃபிஷியன்சி போனஸ் லெவல் 1இல் +2, லெவல் 5இல் +3. உதைப்பது உயிரில். லெவல் 1 விசர்டுக்கு (மந்திரவாதிக்கு) உயிர், அதாவது ஹிட் பொயின்ட், 7 என்று வையுங்கள். ஓகர் என்ற அரக்கனின் தடி அடிப்பது 2டி8+4 (எட்டு முக டைஸ் இரண்டை உருட்டிக் கூட்டி, அதோடு 4), சராசரி 13. ஒரே அடியில் 14 விழுந்தால் உயிர் பூச்சியமான பிறகும் மிஞ்சும் சேதம் 7. அது அவனுடைய முழு உயிருக்குச் சமம், அதனால் மயங்கி விழுவதெல்லாம் கிடையாது, நேரே சாவுதான். பக்கத்தில் நிற்கும் லெவல் 5 விசர்டோ ஃபயர்போல் என்ற ஸ்பெல்லை (மந்திரத்தை) போட்டு 8டி6 உருட்டிக்கொண்டிருப்பான்.

சரி, புதியவரையும் லெவல் 5இலேயே இறக்கலாம் என்றால், விசர்ட் எடுத்தவருக்குப் புத்தகத்தில் 14 ஸ்பெல். முதல் நாள் வாசித்தே முடிந்துவிடும். ரோக் (திருடன்) கொடுத்தால் தப்பிக்கலாம். ஃபைட்டர் (போர்வீரன்) அதைவிடச் சுலபம், ஆனால் ரெண்டு சண்டைக்குப் பிறகு கொட்டாவி வருகிறது. கடைசியில் நிலைத்தது இதுதான்: புது ஆள் வந்தால் எல்லாருக்கும் லெவல் 1இல் புதுக் குவெஸ்ட், பழையவர்கள் இதுவரை எடுக்காத கிளாஸை (விசர்ட், ரோக் போன்ற வகையை) எடுக்க வேண்டும். லெவல் 2க்கு 300 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போதும் என்பதால் யாருக்கும் பெரிதாக நஷ்டமில்லை.

லெவலைச் சமன் செய்தாலும் வாய் சமனாகாது. நம் வீடுகளில் அண்ணன் சொன்னால் தங்கச்சி மறுத்துப் பேசமாட்டாள், மேசையிலும் அப்படியே.

"நீ பின்னுக்கு நில்லு தங்கச்சி. ஓகருக்கு 59 ஹிட் பொயின்ட். நான் சொல்ற ஸ்பெல்ல மட்டும் போடு."

"சரிண்ணே."

அவ்வளவுதான், அன்று முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது அந்தச் "சரிண்ணே" மட்டும். டைஸை உருட்டினாள், ஆனால் ஆடியது அண்ணன். 59 என்று மனப்பாடமாகச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. அவருடைய கேரக்டர் வாழ்க்கையில் ஓகரையே பார்த்ததில்லை!

அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு போட்டேன். கேட்டால் பழையவர்கள் ரூல் சொல்லலாம், ஐடியா சொல்லக்கூடாது. என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் வாய் திறக்க வேண்டியது புதியவர். அடுத்த குவெஸ்டில் பாலத்தை மறித்துக்கொண்டு இன்னொரு ஓகர். மேசையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒருவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், பாவம், வாய் துறுதுறுத்தது. பிறகு தங்கச்சி, "அண்ணே, அது பேசுமா?" என்றாள். பேசும், ஓகருக்குக் கொமன் என்ற பொது மொழி தெரியும். "அப்ப பசிக்குதான்னு கேக்குறேன்" என்று பையிலிருந்த சாப்பாட்டை நீட்டினாள். அதே அண்ணன் ஹெல்ப் எக்ஷன் கொடுத்தார், அதாவது டி20ஐ (இருபது முக டைஸை) இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுக்கலாம். 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிவிடும். முதலில் 4, அடுத்தது 16. ஓகர் ஒதுங்கி வழிவிட்டது. இத்தனை நாள் ஆடியும் பழையவர்களுக்கு வராத யோசனை!

ஹெல்ப் எக்ஷனைப் பழைய ஆட்கள் மதிப்பதே இல்லை. கலப்புக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. அனுபவக்காரனுக்கும் கையில் வேலை இருக்கும், முடிவு புதியவரிடமே இருக்கும்.

ஆள் கணக்கும் முக்கியம். இரண்டு பழையவர், மூன்று புதியவர் என்றால் நன்றாக ஓடுகிறது. நாலு பழையவருக்கு நடுவில் ஒரு புதியவர் மாட்டினால் அவர் அடுத்த போயாவுக்கு வருவது சந்தேகம். முடிந்தால் ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இலவசத் தொகுப்பில் ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு) தான். புதியவர்களுக்கு அது வசதி, பழையவர்களுக்கு அலுப்பு. திரும்பத் திரும்ப லெவல் 1 என்றதும் ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவருக்காகப் பழைய செட் மட்டும் ஆடும் லெவல் 5 கதையைத் தனியாக ஓட்டுகிறேன், தீபாவளி, பொங்கல் லீவில் மட்டும்.