கைல், மாலெய்க், ஐமவுத்: மாதிரி ரயிலுக்கு எந்த ஸ்காட்லாந்து துறைமுகம்?

ஸ்காட்லாந்து துறைமுகம் ஒன்றை மாதிரி ரயிலாகக் கட்ட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இன்ஜினில்தான் தொடங்குகிறார்கள். பிரிட்டனில் ஓடிய ஒரு 37 வகுப்பு டீசலோ, கறுப்பு நீராவி இன்ஜினோ மனதில் ஒட்டிக்கொள்ளும். அது எங்கே ஓடியது என்று தேடி ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு இந்த வரிசையே தப்பாகப் படுகிறது. துறைமுக லேஅவுட்டில், அதாவது பலகைமேல் கட்டும் முழு மாதிரிக் காட்சியில், முதல் கேள்வி தண்ணீர்தான். எவ்வளவு அகலத்துக்குத் தண்ணீர், பார்க்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார், கடல் ஏறி நிற்கும் நேரமா, வடிந்த நேரமா? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டால் ஊர், அளவு, காலம் மூன்றும் தானாக வந்து அமையும்.

அடிக்கடி யோசிக்கப்படுகிற இரண்டு ஊர்களையும், அவ்வளவாக யாரும் யோசிக்காத ஒன்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மேற்குக் கரையில் கைல் ஆஃப் லோக்கால்ஷ், மாலெய்க். கிழக்குக் கரையில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஐமவுத். மூன்றிலும் ரயில் பாதை கடலோரத்தில் வந்து முடிகிறது; ஐமவுத்தில் மட்டும் அது இன்று இல்லை. ஒற்றுமை அதோடு சரி.

கைல்: ஸ்டேஷனே கடலில் நிற்கும் ஊர்

டிங்வாலிலிருந்து மேற்கே வந்த பாதை 1870-ல் ஸ்ட்ரோம் ஃபெரி வரைதான் எட்டியது. அங்கிருந்து கைல் வரை மிச்சமிருந்த சுமார் 17 கிலோமீட்டருக்குப் பாறையை வெடித்து வெடித்து வழி செய்ய வேண்டியிருந்ததால், ரயில் கைலுக்கு வந்து சேர்ந்தது 1897-ல். ஸ்டேஷன் நிற்கும் இடமே பாறையைக் குடைந்து எடுத்த இடம். பாறை வெட்டு வழியாக வரும் பாதை, சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்ததும் பிளாட்பாரம், அடுத்து படகுத்துறை, அடுத்து கடல்.

மாதிரி கட்டுகிறவருக்கு இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கடினம். ரயில்கள் எங்கிருந்தோ வந்து எங்கோ போக வேண்டும். அதற்குப் பின்னால், ரயில்கள் காத்து நிற்க, மறைவாக ஒரு யார்டு வேண்டும். பல லேஅவுட்டுகளில் அந்த ஓட்டையை மறைக்க இல்லாத சுரங்கத்தையோ, திடீர் மரக்கூட்டத்தையோ கொண்டுவந்து வைப்பார்கள். கைலில் பாறை வெட்டும் பாலமும் நிஜத்திலேயே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கைலுக்கு எதிரே ஸ்கை தீவு. இடையே அரை கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். ஓஓ அளவில், அதாவது 76-ல் 1 பங்கில், அது ஆறரை மீட்டரைத் தாண்டும். யார் வீட்டிலும் அதற்கு இடமிருக்காது. ஆகவே தீவைப் பின்திரையில் வரைய வேண்டும்: கைலேகின் வீடுகள், இடிந்து நிற்கும் மோயில் கோட்டை, பின்னால் மலை. பலகையில் இருக்கும் தண்ணீரும் திரையில் வரைந்த தண்ணீரும் ஒரே நிறத்தில் சேர்வதுதான் கைலின் சோதனை. ஓவியக் கை இருப்பவருக்கு இது வரம். இல்லாதவருக்கு எத்தனை நல்ல இன்ஜின் வாங்கினாலும் அந்தக் கோட்டில் கண் இடறும்.

காலத் தேர்வு கைலில் தெளிவாகப் பிரிகிறது. 1973 வரை லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேக்குக் கப்பல் இங்கிருந்துதான் போனது. பிறகு அது உல்லாப்பூலுக்கு மாறியது. 1995-ல் ஸ்கை பாலம் திறந்ததும் கார் ஃபெரியும் நின்றது. ஆக, கப்பலும் ரயிலும் சேர்ந்து வேண்டுமென்றால் 1973-க்கு முன்னால். சின்ன ஃபெரியும் 37 டீசலும் போதும் என்றால் எண்பதுகள். எண்பதுகளை எடுப்பவர்கள் இன்வெர்னெஸ் பணிமனையின் கலைமான் சின்னத்தை இன்ஜின் பக்கவாட்டில் மறக்காமல் ஒட்டட்டும். கிளாஸ்கோவின் ஈஸ்ட்ஃபீல்டு பணிமனைச் சின்னம் வெள்ளை டெரியர் நாய்க்குட்டி. அது மாலெய்க் பக்கத்து அடையாளம். விஷயம் தெரிந்த கண் முதலில் தேடுவது இதைத்தான்.

மாலெய்க்: மீனுக்காகப் போட்ட பாதை

ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலெய்க் வரையிலான பாதை 1901 ஏப்ரல் 1 அன்று திறந்தது. மேற்குக் கரை மீனை நகரச் சந்தைகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதற்காக அரசே பண உத்தரவாதம் கொடுத்துக் கட்டவைத்த பாதை இது. அதனால் இங்கே துறைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள உறவு வெறும் காட்சி அழகு அல்ல, பாதை இருப்பதற்கே அதுதான் காரணம். ஹெர்ரிங் மீன், அதைப் புகையில் உலர்த்தும் கிப்பர் கொட்டகைகள், ஸ்டேஷனைத் தாண்டித் துறைக்குப் போகும் சைடிங்குகள் எனும் பக்கத் தண்டவாளங்கள், மீன் வேன்கள். ஓட்டிப் பார்க்க வேலை அதிகம் தருகிற ஊர் இதுதான். கைலில் ரயில் வரும், போகும். மாலெய்க்கில் ஒரு மணி நேரம் வேன்களை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தப் பாதைக்குக் காந்தம் போல ஒரு மாயக் கவர்ச்சியும் உண்டு: கிளென்ஃபினன் பாலம். 21 வளைவுகள், சுமார் 380 மீட்டர் நீளம், கம்பி வைக்காத வெறும் கான்கிரீட். துறைமுகத்தோடு அதையும் சேர்த்துவிட ஆசைப்படாதவர் இல்லை. வேண்டாம். நிஜத்தில் அது மாலெய்க்கிலிருந்து 40 கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. ஓஓ அளவில் பாலம் மட்டுமே 5 மீட்டர் பிடிக்கும். எட்டு வளைவாகக் குறைத்துக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தால் பாலமும் கெடும், துறைமுகமும் கெடும். கான்கிரீட் என்பதுதான் இந்தப் பாதையின் கையெழுத்து. ஒரே ஒரு சின்ன கான்கிரீட் வளைவை, வார்ப்புப் பலகைத் தடம் தெரியும்படி செய்து வைத்தால் அதுவே போதும்.

மாலெய்க்கின் குறை நீளம். கடலோரமாகவே பாதை வந்து, ஸ்டேஷன், அப்புறம் சைடிங், அப்புறம் துறை என்று எல்லாம் நீட்டமாக விரிகிறது. ஒரு 37 டீசலும் நாலு பெட்டியும் ஓஓ அளவில் 1.3 மீட்டர். பிளாட்பாரமும் சைடிங்கும் துறையும் சேர்ந்தால் ஹாலின் ஒரு சுவர் முழுதும் வேண்டும். அதே ரயில் 'என்' (N) எனப்படும் அளவில், 148-ல் 1 பங்கில், 67 சென்டிமீட்டர்தான். மாலெய்க்கை முழுதாகச் செய்ய 'என்' அளவுதான் சரி என்பது என் முடிவு. 37 டீசலும் பிளாக் ஃபைவ் நீராவியும் கிரஹாம் ஃபேரிஷ் தயாரிப்பில் அந்த அளவில் வந்திருக்கின்றன. படகு, கயிறு, மீன் பெட்டி என்று நுணுக்கத்தில் உயிர் இருப்பவர்களுக்கு மட்டும் 'என்' அளவு கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

ஐமவுத்: சின்ன ஊர், நெருங்கிய தண்ணீர்

1881 அக்டோபர் 14 அன்று அடித்த புயலில் அந்தக் கரையில் 189 மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் 129 பேர் ஐமவுத்காரர்கள். பத்து வருடம் கழித்து, 1891-ல், பர்ன்மவுத்திலிருந்து 5 கிலோமீட்டர் கிளைப் பாதை ஊருக்கு வந்தது. 1948 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலத்தின் தூண் சேதமாகி நின்றுபோன போக்குவரத்து அடுத்த வருடம் திரும்பியது; 1962-ல் பாதையே மூடப்பட்டது. மேற்குக் கரையின் மலைப் பின்னணியும் கிடையாது, பெரிய பயணிகள் கப்பலும் கிடையாது. அதனால்தான் பலர் கண்டுகொள்வதில்லை.

ஆனால் தண்ணீரைப் பாருங்கள். ஐ என்ற சிற்றாறு கடலில் சேரும் வாய்தான் துறைமுகம். நீளமான, ஒடுக்கமான துறை. இந்தக் கரையில் படகுகள், எதிர்க்கரையில் கன்ஸ்கிரீன் மாளிகை தனியாக நிமிர்ந்து நிற்கிறது. கடத்தல் வியாபாரம் செய்த ஒருவருக்காக 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த வீடு அது. கைலில் அடிவானம் வரை வரைய வேண்டிய கடல், இங்கே இரண்டு சுவர்களுக்கு நடுவில் அடங்கிவிடுகிறது. இரண்டு கரைகளையும் பலகைமேலேயே கட்டலாம். பின்திரையில் வானம் மட்டும் போதும். ரயிலும் அப்படியே: ஆறு சக்கரமும் இழுவைச் சக்கரமாக உள்ள ஒரு 0-6-0 இன்ஜின், ஓரிரு பெட்டி, ஓஓ அளவில் சுமார் 70 சென்டிமீட்டர். ஐமவுத் பாதையை ஓட்டிய நார்த் பிரிட்டிஷ் ரயில்வே 1888 முதல் 1900 வரை 168 கட்டிய சரக்கு இன்ஜின் வகை, பின்னாளில் ஜே36 என்று பெயர் பெற்றது, மாதிரி ரயில் தயாரிக்கும் ஹார்ன்பியிடமிருந்து ஓஓ அளவில் வந்திருக்கிறது. அந்தக் கம்பெனிப் பாதைக்கு அது பொருத்தமான முகம்.

துறைச் சுவர் மேலேயே தண்டவாளம் ஓட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் கற்பனை ஊர் ஒன்றைப் படைத்துக்கொள்ளலாம். நிஜ ஊரின் பெயரைப் போட்டு இல்லாத பாதையைப் போடுவதை விட அது நேர்மை. ஐமவுத்தின் தண்ணீர், நார்த் பிரிட்டிஷ் கம்பெனியின் குட்டி 'பக்' இன்ஜின், அதன் பின்னால் நிலக்கரிக்கு ஒரு மரத் தொட்டி வண்டி என்று சேர்த்தால் நம்பும்படி இருக்கும். பின்னாளில் ஒய்9 என்று பெயர் பெற்ற அந்த வகையில் ஒன்று போனெஸ் ரயில் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. ஒரே கம்பெனியின் எல்லைக்குள் நின்றுகொள்வது மட்டும் முக்கியம்; கைல் பக்கத்து ஹைலண்ட் ரயில்வே சிக்னலையும் நார்த் பிரிட்டிஷ் இன்ஜினையும் கலந்தால் ஊர் எந்தக் கரையிலும் சேராது.

ஏறிய கடலா, வடிந்த கடலா

பெரிய ஓத நாட்களில் இந்த ஊர்களில் கடல் நாலு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஓஓ அளவில் அது 5 சென்டிமீட்டருக்கு மேல். பெரும்பாலான லேஅவுட்டுகளில் கடல் துறைச் சுவரின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது, ஏனென்றால் தட்டையான பலகையில் அப்படிச் செய்வது சுலபம். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஏறிய கடலில் படகும் மேலே ஏறி நிற்கும். முன்னால் நிற்கும் படகு பின்னால் போகும் ரயிலை மறைத்துவிடும். 1964-ல் மாலெய்க்கிலிருந்து ஸ்கை தீவின் ஆர்மடேலுக்கு ஓடத் தொடங்கிய கிளான்ஸ்மேன் போன்ற கார் ஃபெரி ஓஓ அளவில் 94 சென்டிமீட்டர். அதை முன்னால் நிறுத்தினால் மூன்று பெட்டி காணாமல் போகும்.

வடிந்த கடலில் படகு சுவருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ரயில் முழுதாகத் தெரிகிறது. படகின் மேல்தளத்தை நாம் குனிந்து பார்க்கிறோம். கூடவே சுவர் திறந்துகொள்கிறது. துறைமுக மாதிரியின் மிக அழகான பரப்பு என்று நான் சொல்வது இந்த 5 சென்டிமீட்டரைத்தான்.

மேலிருந்து கீழே வாருங்கள். விளிம்பில் காய்ந்த சாம்பல் கல், அங்கங்கே கல்மேல் படரும் லைக்கனின் ஆரஞ்சு-மஞ்சள் திட்டு. அதற்குக் கீழே தார் பூசியது போல் கறுப்புப் பட்டை. அதுவும் லைக்கன்தான், அழுக்கு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அடுத்து கொட்டலசு (கல்லில் ஒட்டி வாழும் சிறு ஓட்டு உயிர், பார்னக்கிள்) ஒட்டிய வெளிறிய பட்டை. அதற்கும் கீழே பழுப்புப் பாசி, ஈரமாக, கொத்துக் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். நல்ல தண்ணீர்க் குழாய் வடியும் இடத்தில் மட்டும் பளிச்சென்ற பச்சைக் கோடு. படகு உரசும் செங்குத்து மரங்களில் பாசி பிடிக்காது. அவை தேய்ந்து வெளுத்திருக்கும். கொட்டலசுப் பட்டைக்கு வெளிர்சாம்பல் பெயின்ட்டில் டால்கம் பவுடர் குழைத்து, மொட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி வைத்தால் போதும். பாசிக்கு ஆலிவ்-பழுப்புச் சாயம் ஏற்றிய நுரைத் தூளை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒட்டி, மேலே அரைப்பளபளப்பு வார்னிஷ். கட்டுக்கயிறுகள் நீளமாக இருக்கட்டும்: வடிந்த கடலில் தொங்கும் படகின் கயிறு, ஏறும்போதும் இறங்கும்போதும் இழுபடாத அளவுக்கு விடப்பட்டிருக்கும்.

ரெசினா, வார்னிஷா

இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றும் ரெசின்தான் இன்றைய மோகம். கண்ணாடி போல நிற்கும் என்பது உண்மை. ஆனால் சுவர் ஓரத்திலும் மரத்தூண்களிலும் அது மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். பலகையில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் இரவோடு இரவாகக் கசிந்து தரைக்கு வந்துவிடும். மெல்லிய அடுக்காக, ஒன்று இறுகியபின் அடுத்ததாக ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் விட, துறைமுகத் தண்ணீர் அப்படித் தெளிவாக இருப்பதில்லை. மேகம் மூடிய வானத்தின் கீழ் அது கரும்பச்சைச் சாம்பலாக, அடி தெரியாமல் கிடக்கும்.

ஆகவே கைல், மாலெய்க் இரண்டுக்கும் பழைய வழியே மேல்: பிளாஸ்டர் பூசிய பலகையில் நிறம் தீட்டி, அக்ரிலிக் ஜெல்லைத் தட்டித் தட்டிச் சிற்றலை எழுப்பி, மேலே பளபளப்பு வார்னிஷ். செலவும் குறைவு, பிடிக்காவிட்டால் மேலேயே திரும்பத் தீட்டலாம். ஐமவுத்துக்கு இரண்டும் வேண்டும். வடிந்த துறையின் சேறு பிளாஸ்டரில். நடுவில் ஓடும் மெல்லிய ஆற்று நீரும் படிக்கட்டு அடியில் தேங்கிய குட்டையும் மட்டும் ரெசினில். அங்கே அடி தெரிவதுதான் இயல்பு.

கன்ட்ரோல் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஐமவுத்துக்குச் சாதாரண டிசி, அதாவது தண்டவாள மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் முறை, போதும். இரண்டு மூன்று இன்ஜின்கள் ஒரே யார்டில் நிற்கும் மாலெய்க்குக்கு, ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறையான டிசிசி.

என் தேர்வு ஐமவுத், ஓஓ அளவு, வடிந்த கடல், ஐம்பதுகள். மூன்று மீட்டர் சுவர் இருப்பவர் இதைத் தயங்காமல் எடுக்கலாம். நன்றாக வரையத் தெரிந்தவர் கைலுக்குப் போகட்டும், நீளமான அறை இருப்பவர் 'என்' அளவு மாலெய்க்குக்கு. எதை எடுத்தாலும் பலகை அறுக்கும் முன்பே தண்ணீர்த் தட்டின் ஆழத்தைக் குறித்துவிட வேண்டும்: ஓஓ அளவில் தண்டவாளத்துக்கு 8 சென்டிமீட்டர் கீழே, தனிப் பலகையாக, கழற்றி எடுக்கும்படி. துறைச் சுவரை மேசைமேல் படுக்கவைத்துப் பெயின்ட் அடித்து முடித்தபின்தான் அதைப் பொருத்த வேண்டும். நின்ற சுவரில் கொட்டலசுப் பட்டைக்குத் தூரிகை நேராக எட்டாது.