டைனோசர் வரவேற்பா, கிமோனோ வரவேற்பா?

ஜப்பானில் இரண்டு விடுதிகள். இரண்டுமே கின்னஸில் இடம்பிடித்தவை. யமனாஷி மலைப்பகுதியில் வெந்நீர் ஊற்றோடு இருக்கும் கெய்உன்கான் கி.பி. 705-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய விடுதி. நாகசாகி பக்கம் 2015-இல் திறந்த ஹென்-நா, ரோபோக்களைப் பணிக்கு வைத்த முதல் விடுதி.

ஹென்-நாவின் வரவேற்பு மேசையில் டைனோசர் நிற்கும். அறைக்கதவு முகத்தைப் பார்த்தே திறக்கும். சரி, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் படுக்கையருகே இருந்த பொம்மை ரோபோ, குறட்டையைக் கேள்வி என்று நினைத்து, காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று நடுராத்திரியில் எழுப்பிவிட்டது! பெட்டி சுமக்கும் ரோபோவுக்கு மழை ஆகாது. பாஸ்போர்ட்டை நகலெடுக்க மனிதர்தான் வர வேண்டியிருந்தது. 2019 வாக்கில் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கெய்உன்கான் மாதிரியான பழைய ரியோகானில், அதாவது ஜப்பானிய மரபு விடுதியில், கிமோனோ அணிந்த பணிப்பெண் அறைக்கே வந்து தேநீர் ஊற்றுவார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாய்மேல் மெத்தை விரித்திருக்கும். நாம் எப்போது எழுவோம் என்று கணிக்கிற அந்தக் கண் எந்த ரோபோவுக்கும் இன்னும் வரவில்லை. செலவு அதிகம்தான், அத்தனை ஆட்களின் கூலி சேர்கிறதே.

ஒரு ராத்திரி தூங்கிவிட்டு ஓடுவதென்றால் எனக்கு முகம் பார்க்கும் கதவே போதும். அம்மா கூட வந்தால் வெந்நீர் ஊற்றுப் பக்கம்தான்.