எட்டு மைக், நான்கு ஹெட்போன்: எந்தப் பெட்டி வாங்கலாம்?

டிரம்ஸுக்கு நான்கு மைக், கிட்டார் ஆம்புக்கு ஒன்று, பாடுபவருக்கு ஒன்று, பேஸ் நேரடியாக ஒன்று. ஆக ஏழு, கையிருப்புக்கு ஒன்று சேர்த்தால் எட்டு. நான்கு பேர் ஒரே அறையில் வாசிப்பதைத் தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்ய எட்டு இன்புட் வேண்டும் என்ற கணக்கு எல்லோருக்கும் சட்டென்று வந்துவிடுகிறது. அந்த நான்கு பேரும் எதைக் கேட்டுக்கொண்டு வாசிப்பார்கள் என்ற கணக்கைப் பெரும்பாலோர் மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டியை (ஆடியோ இன்டர்ஃபேஸ்) வாங்கிப் பிரித்த பிறகுதான் போடுகிறார்கள்.

வழிகள் மூன்று. எட்டு ப்ரீஆம்பும் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) பத்து லைன் அவுட்டும் (ஸ்பீக்கருக்கோ ஆம்புக்கோ ஒலி போகும் துளை) உள்ள ஒற்றை ரேக் இன்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 போன்றது. இரண்டாவது, இரண்டு அல்லது நான்கு ப்ரீஆம்ப் உள்ள சின்ன இன்டர்ஃபேஸுடன் ஏடாட் (பல சேனல் ஒலியை ஒளியாகக் கடத்தும் முறை) ஆப்டிகல் கேபிள் வழியாக எட்டு மைக் விரிவாக்கப் பெட்டி ஒன்றைச் சேர்ப்பது. மூன்றாவது, யூஎஸ்பி வழியே பல ட்ராக் அனுப்பும் டிஜிட்டல் மிக்ஸர். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18, ஸூம் லைவ்ட்ராக் எல்-12 வகையறா. என் சாய்வு முதல் வழியின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பெட்டிக்குள்ளேயே மிக்ஸர் இருக்க வேண்டும். பெட்டியின் படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒலித்தரத்தை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. அறையின் எதிரொலி கெடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட இன்றைய ப்ரீஆம்புகள் கெடுப்பதில்லை. பார்க்க வேண்டியது கெய்ன் அளவு (சிக்னலை எவ்வளவு பெருக்கும் என்பது) ஒன்றைத்தான். ஷூர் எஸ்எம்7பி போன்ற மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்குக்கு 60 டெசிபல் கெய்ன் தேவை. 18ஐ20 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல்தான். நான்காம் தலைமுறையில் 69. கத்திப் பாடுபவருக்கு 56 போதும், முணுமுணுத்துப் பாடுபவருக்குப் போதாது.

யூஎஸ்பி 2.0 பழசாயிற்றே என்ற கவலையும் தேவையில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட். பதினெட்டு சேனல் சேர்ந்தாலும் 21 மெகாபிட்டைத் தாண்டாது, யூஎஸ்பி 2.0 பாதையின் அகலம் 480 மெகாபிட். எட்டு ட்ராக்கை ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 4.1 ஜிபி இடம் பிடிக்கும், அவ்வளவுதான். யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஓடும் எட்டு ப்ரீஆம்ப் பெட்டியைத் தேட வேண்டாம். எட்டு கண்டென்சர் மைக்குக்கும் சேர்த்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே அந்த ரக மைக்குக்குப் போகும் மின்சாரம்) தர, யூஎஸ்பி 2.0 கொடுக்கும் இரண்டரை வாட் எந்த மூலைக்கும் காணாது.

இனி முடிவைத் தீர்மானிக்கிற விஷயம்.

48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள் என்று வைத்தால் ஒரு திசைக்கு 2.7 மில்லி செகண்ட் தாமதம். உள்ளே போய் வெளியே வர 5.3. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் மாற்றிகளின் தாமதமும் டிரைவர் மென்பொருள் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் கூடுதல் பஃபரும் சேர்ந்தால் எட்டு, பத்து என்று போகும். கிட்டார் வாசிப்பவர் இதைப் பொறுத்துக்கொள்வார். மூன்று மீட்டர் தள்ளி ஆம்ப் இருந்தாலே ஒலி காற்றில் வந்து சேர ஒன்பது மில்லி செகண்ட் ஆகத்தான் செய்கிறது. பாடுபவர் பொறுக்க மாட்டார். அவர் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் அவர் காதுக்குப் போய்விடுகிறது. சில மில்லி செகண்ட் பின்தங்கி ஹெட்போனில் வரும் அதே குரல் இதனோடு மோதி, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குழாய்க்குள் பாடுவது போல இருக்கிறது என்பார், சுருதி விலகும், பழி மைக்கின் தலையில் விழும்.

பஃபரை 32க்குக் குறைக்கலாமே என்றால், எட்டு ட்ராக் பதிவாகும்போது கணினி திணறி, டேக்கின் நடுவில் படபடவென்று வெடிப்புச் சத்தம் ஏறிவிடும். ஆகவே மைக் சிக்னல் கணினிக்குள் நுழையும் முன்பே பெட்டிக்குள் கிளை பிரிந்து ஹெட்போனுக்குப் போக வேண்டும். எல்லாப் பெட்டிகளும் செய்யும் காரியம்தான் இது. எத்தனை விதமாகச் செய்யும் என்பதில்தான் வித்தியாசம்.

டிரம்ஸ் வாசிப்பவருக்கு க்ளிக்கும் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) பேஸும் உரக்க வேண்டும். பாடுபவருக்குத் தன் குரலும் ஒரு சுருதி வாத்தியமும் போதும், க்ளிக் காதில் விழவே கூடாது. கிட்டாரிஸ்டுக்கு டிரம்ஸ் ஏற்கெனவே அறையிலேயே கேட்கிறது. ஒரே மிக்ஸை நான்கு பேருக்கும் பகிர்ந்தால் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியது கேட்க மொத்த ஒலியையும் ஏற்றுவார்கள். ஹெட்போனிலிருந்து க்ளிக் கசிந்து குரல் மைக்கில் பதியும். பாட்டு முடிந்து நீளமாக இழுக்கும் கடைசி ஸ்வரத்தின் மேல் டிக் டிக் கேட்கும் ரெகார்டிங்குகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவைதான்.

எனவே எண்ண வேண்டியது ஸ்டீரியோ அவுட்புட் ஜோடிகளை. 18ஐ20 மூன்றாம் தலைமுறையில் பத்து லைன் அவுட், அதாவது ஐந்து ஜோடி. முன்பக்க ஹெட்போன் துளைகள் இரண்டும் கூடுதல் அல்ல. 7-8, 9-10 ஜோடிகளில் போவதே அங்கும் கேட்கும். 1-2 ஸ்பீக்கருக்குப் போனால் மீதி நான்கு ஜோடி, நான்கு பேருக்கு நான்கு தனி மிக்ஸ். பெட்டிக்குள் இருக்கும் மிக்ஸரை இயக்கும் மென்பொருளில் ஒவ்வொரு ஜோடிக்கும் மைக்குகளையும் கணினியிலிருந்து வரும் ட்ராக்குகளையும் வேண்டிய அளவில் கலந்துவிடலாம். ஆர்எம்இ பெட்டிகளில் உள்ள டோட்டல்மிக்ஸ் இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் அதில் தனி மிக்ஸ் உண்டு, கட்டுப்பாடும் கை சொன்னபடி கேட்கும். செலவுக்குத் தயார் என்றால் யோசிக்காமல் அங்கே போகலாம். பெஹ்ரிங்கர் யூஎம்சி1820இலும் எட்டு ப்ரீஆம்ப், பத்து லைன் அவுட் உண்டு. உள் மிக்ஸர் கிடையாது. தாமதமில்லாமல் ஆளுக்கொரு மிக்ஸ் அதில் அமையாது. தாளில் இரண்டு பெட்டிகளும் ஒன்று போலத் தெரியும் இடம் இதுதான்.

பின்பக்க ஜோடிகளுக்கு வெளியே ஹெட்போன் ஆம்ப் வேண்டும். இரண்டு தவறுகள் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, பெஹ்ரிங்கர் எச்ஏ400 போன்ற சின்ன ஆம்பை வாங்குவது. அதில் நான்கு துளை இருந்தாலும் உள்ளே வருவது ஒரே ஸ்டீரியோ சிக்னல். நான்கு துளையும் அதையே பாடும். ஒவ்வொரு சேனலுக்கும் தனி இன்புட் உள்ள ஆம்பைத்தான் தேட வேண்டும், இல்லையேல் ஒரு மிக்ஸுக்கு ஒரு சின்ன ஆம்ப்.

இரண்டாவது கேபிள். இன்டர்ஃபேஸின் லைன் அவுட் பேலன்ஸ்டு மோனோ: ஒரே சிக்னலும் அதன் தலைகீழும் இரண்டு கம்பியில் போகும். சின்ன ஆம்பின் இன்புட் ஸ்டீரியோ. இரண்டு பக்கத் துளையும் ஒரே அளவு என்பதால் மூன்று தொடர்புள்ள (டிஆர்எஸ்) ஜாக் கேபிளைச் செருகிவிடுவார்கள். இடது காதில் சிக்னலும் வலது காதில் அதன் தலைகீழும் கேட்கும். குரல் நடுவில் நிற்காமல் தலைக்குப் பின்னால் எங்கோ மிதக்கும், பேஸ் காணாமல் போகும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பார்த்தும் தீராது. தேவை ஒய் கேபிள்: ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக், மறு முனையில் இரண்டு மோனோ ஜாக். மோனோ ஜாக்குகள் லைன் அவுட் 3க்கும் 4க்கும், ஸ்டீரியோ ஜாக் ஆம்புக்கு.

மிக்ஸ் அமைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ரெகார்டிங் மென்பொருளில் இன்புட் மானிட்டரிங்கை (உள்ளே வரும் ஒலியைக் கணினி வழியாகத் திரும்பக் கேட்பது) எல்லா ட்ராக்கிலும் அணைக்க வேண்டும். மறந்தால் நேரடிக் குரலும் தாமதக் குரலும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும். பிறகு க்ளிக்கைத் தனி அவுட்புட்டுக்குத் திருப்பி, வேண்டியவர் மிக்ஸில் மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மிக்ஸிலும் அவரவர் வாத்தியத்தை மற்றவற்றை விட 3 முதல் 6 டெசிபல் மேலே வைத்துத் தொடங்கினால் பேச்சுவார்த்தை பாதியாகக் குறையும்.

முதல் வழியின் குறை ரீவெர்ப், அதாவது குரலுக்குச் சேர்க்கும் செயற்கை எதிரொலி. பல இன்டர்ஃபேஸ்களின் உள் மிக்ஸரில் அது இல்லை. உலர்ந்த குரலைக் கேட்டுக்கொண்டு பாட யாருக்கும் பிடிக்காது. மாற்று வழி சுலபம். குரல் ட்ராக்கிலிருந்து ஒரு சென்ட் (சிக்னலின் நகல் கிளை) எடுத்து, நூறு சதவீதம் ரீவெர்ப் மட்டும் வரும்படி வைத்து, அதைத் தனி அவுட்புட் ஜோடியாகத் திருப்பிப் பாடுபவரின் மிக்ஸில் கலக்க வேண்டும். சென்ட்டுக்குச் சிக்னல் வர இந்த ஒரு ட்ராக்கில் மட்டும் இன்புட் மானிட்டரிங் ஓட வேண்டும், ஆனால் அதன் நேரடி ஒலி எந்த அவுட்டுக்கும் போகக்கூடாது. நேரடிக் குரல் பெட்டிக்குள்ளிருந்து உடனே வரும், ரீவெர்ப் பத்து மில்லி செகண்ட் தள்ளி வரும். ரீவெர்ப்புக்கு அந்தத் தாமதம் நல்லதுதான். ரீவெர்ப் இயந்திரங்களில் இந்தத் தாமதத்துக்கு ப்ரீடிலே என்று தனிக் குமிழே உண்டு.

ஏடாட் வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு ஆப்டிகல் கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல், 96இல் நான்கே சேனல். ஏற்கெனவே சின்ன இன்டர்ஃபேஸ் கையில் இருந்து அதில் ஏடாட் இன்புட்டும் இருந்தால் நியாயமான வழி. ஆனால் பெட்டி இரண்டானால் சாம்பிள்களை அளக்கும் கடிகாரமும் இரண்டு. ஒன்று தலைமை, மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இருவரும் தன் இஷ்டத்துக்கு ஓடினால் சில நொடிக்கு ஒரு முறை டப் என்று வெடிக்கும். முதல் அரை நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் வெடிப்பதும் உண்டு என்பதால், சோதனையை ஐந்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். விரிவாக்கப் பெட்டியில் ஏடாட் அவுட் மட்டும் இருந்தால் மைக்குகள் கூடும், ஹெட்போன் மிக்ஸ் ஒன்றுகூட அதிகமாகாது. பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 போல ஏடாட் இன்புட்டும் எட்டு லைன் அவுட்டும் சேர்ந்தே இருந்தால் நான்கு ஸ்டீரியோ ஜோடி கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு இன்டர்ஃபேஸிலும் ஏடாட் அவுட் இருக்க வேண்டும், ஆப்டிகல் கேபிளும் இரண்டு வேண்டும். ஏடிஏ8200 96 கிலோஹெர்ட்ஸில் ஓடாது. இந்த வேலைக்கு அது ஒரு குறையே அல்ல.

டிஜிட்டல் மிக்ஸர்தான் உண்மையான போட்டி. எக்ஸ்ஆர்18இல் பதினாறு மைக் ப்ரீஆம்ப், பதினெட்டு சேனல் யூஎஸ்பி போக்கும் வரவும், ஆறு ஆக்ஸ் அவுட் (தனி மிக்ஸ் அனுப்பும் துளை). ரீவெர்ப் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் மிக்ஸைத் தன் கைபேசியிலேயே சரிசெய்துகொள்ளலாம். குரலை ஏற்று, இறக்கு என்று கணினி முன் உட்கார்ந்திருப்பவரை யாரும் வதைக்க மாட்டார்கள் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் ஆறு ஆக்ஸும் மோனோ. ஸ்டீரியோவாகக் கேட்க வேண்டும் என்றால் மூன்று பேர்தான், இதற்கும் வெளி ஆம்ப் வேண்டும். பெட்டியின் சொந்த வைஃபையை நம்பாமல் ஈதர்நெட் துளையில் தனி ரவுட்டரை மாட்டுவது நல்லது.

எல்-12 வேறு ரகம். ஐந்து ஹெட்போன் துளை, ஐந்துக்கும் தனி மிக்ஸ், வெளி ஆம்பே வேண்டாம், எஸ்டி கார்டிலேயே பதிவாகும், கணினி இல்லாமலும் வேலை நடக்கும். ஒத்திகையை முழுசாகப் பதிவு செய்கிறவர்களுக்கு இதைவிட எளிய பெட்டி இல்லை. சிக்கல் திரும்பி வரும் பாதையில். கணினிக்கு 14 சேனல் போகும், கணினியிலிருந்து நான்குதான் வரும். ஏற்கெனவே பதிவான டிரம்ஸ், பேஸ், வழிகாட்டிக் குரல், க்ளிக் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொண்டுவந்து ஆளுக்கேற்பக் கலக்க அது பற்றாது. ட்ராக் மேல் ட்ராக் ஏற்றிக் கட்டும் பாட்டுகளில் இந்தக் குறை இரண்டாவது வாரமே உறுத்தும். ஐந்து பேருக்கு மேல் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கும் குழு என்றால் என் சாய்வு மாறவும் கூடும். இந்த அலசல் நான்கு பேர், சின்ன அறை என்ற அளவுக்குள் நிற்கிறது.

ஹெட்போனில் குழப்பம் குறைவு. மைக் திறந்திருக்கும் அறையில் மூடிய ரகம் மட்டுமே. சென்ஹைசர் ஹெச்டி 600 போன்ற திறந்த ரகம் மிக்ஸ் செய்ய அருமை; பாடுபவர் தலையில் வைத்தால் அது ஒரு சின்ன ஸ்பீக்கர். சோனி எம்டிஆர்-7506 (63 ஓம்) எந்தத் துளையிலும் உரக்கக் கேட்கும், ஆனால் அதன் காதுப் பஞ்சின் தோல் உரிந்து கறுப்புத் துகளாக உதிரும். பையர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் வெல்வெட் பஞ்சு நீண்ட நேரத்துக்கு இதமானது. அதன் கேபிளைக் கழற்ற முடியாது, யாராவது நாற்காலிக் காலால் நசுக்கினால் சால்டரிங் வேலைதான். அதில் 80 ஓம் வாங்கவும். 250 ஓம் ரகத்தைச் சின்ன ஆம்பில் செருகினால் டிரம்ஸ்காரருக்கு எட்டாது. டிரம்ஸ்காரருக்கு ஒலி ஏற்றுவதை விட வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் முக்கியம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம் என்ற கணக்கில், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும்.

நான்கு பேருக்கும் ஒரே மாடல் வாங்குவது நல்லது. யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. பாடுபவர்கள் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவார்கள், அதைத் தடுக்க முடியாது. திறந்த பக்கத்திலிருந்து கசிவதை நிறுத்த, அவர் மிக்ஸ் முழுவதையும் மூடிய காதின் பக்கம் பேன் செய்துவிட்டால் போதும். தனி மிக்ஸ் இருக்கிற பெட்டியில் இதற்கு ஐந்து நொடி ஆகும். இல்லாத பெட்டியில் நான்கு பேரும் ஒற்றைக் காதில் வாசிக்க வேண்டியிருக்கும்.