ஜீப்ரா ஃபிஞ்ச் மியூட்டேஷன் அட்டை: வாங்கலாமா?

ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு கூண்டுப் பறவையின் நிற வகைகளை (மியூட்டேஷன்) படத்தில் காட்டும், லேமினேட் செய்த ஒற்றை அட்டை. கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பறவையோடு ஒப்பிட வேண்டியதுதான். ஃபான் (பழுப்பு), பைடு (வெள்ளைத் திட்டுகள் கொண்டது), பிளாக் சீக் (கறுப்புக் கன்னம்) படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, புதியவர்கூடத் தடுமாறமாட்டார்.

சறுக்குவது வெள்ளைப் பறவைகளில். வெள்ளைப் பெட்டையும் சி.எஃப்.டபிள்யூ (செஸ்ட்நட் ஃபிளாங்க்டு ஒயிட்) வகைப் பெட்டையும் இதில் ஏறக்குறைய ஒரே படம். பார்க்க வேண்டிய இடம் கண்ணுக்குக் கீழே: கண்ணீர்க் கோடு மங்கலாகவாவது தெரிந்தால் சி.எஃப்.டபிள்யூ, அறவே இல்லாவிட்டால் வெள்ளை. அந்தக் கோட்டை அச்சு விழுங்கிவிட்டது! முதுகில் சாம்பல் புள்ளி கண்டதும் பைடு என்று முடிவுகட்டவும் வேண்டாம். இளம் வெள்ளைப் பறவைகளுக்கு முதல் இறகுதிர்ப்பு வரை அப்படி இருப்பதுண்டு.

மஞ்சள் பல்பின் கீழ் ஒப்பிடவே கூடாது, வெளிர் சாம்பலான டாமினன்ட் சில்வர் வகைகூட கிரீம் போலத் தெரியும். நேர் வெயில் படாத ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். அலகு இன்னும் கறுப்பாக உள்ள குஞ்சுகளை விட்டுவிடுங்கள். 3 மாதம் ஆகட்டும்.

கொடுத்த காசுக்குப் பெறுமானம் பின்பக்க மரபுப் பட்டியல்தான். ஃபானும் சி.எஃப்.டபிள்யூவும் பால்சார்ந்தவை (ஆண்-பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோமோடு வருபவை), பெட்டை அவற்றுக்கு ஸ்பிளிட்டாக, அதாவது நிறம் வெளியே தெரியாமல் மரபணுவை மட்டும் சுமப்பதாக, இருக்க முடியாது. சாம்பல் ஜோடிக்கு ஃபான் குஞ்சு பிறந்தால் அது பெட்டை, தகப்பன் ஸ்பிளிட். இது தெளிவாக இருக்கிறது. பைடும் வெள்ளையும் ஒடுங்கு பண்புகள் (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை), ஸ்பிளிட்டைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்ற குறிப்பு மட்டும் விடுபட்டிருக்கிறது. கொண்டை உள்ள இரண்டை ஜோடி சேர்க்காதீர்கள் என்ற எச்சரிக்கையையும் காணோம்.