ஈர மணலில் அலறிய கருவி: மெட்டல் டிடெக்டர் வாங்கவிருப்போர் கவனத்திற்கு

பணி ஓய்வு பெற்றதும் கடற்கரையில் நாணயம் தேடப் போகலாம் என்ற நெடுநாள் ஆசையில், டர்பனில் வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்யும் ஒருவரிடம் 6,800 ராண்ட் கொடுத்து ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி ஏமாந்தேன். வாங்கும் முன் நான் கேட்டது ஒரே கேள்விதான்: இசிபிங்கோ கடற்கரையில் அலை நனைத்துவிட்டுப் போகும் ஈர மணலில் இது வேலை செய்யுமா? "மல்டி ஃப்ரீக்வென்சி, வாட்டர்ப்ரூஃப், ஒன்றரை மீட்டர் ஆழம் வரை பார்க்கும், கவலைப்படாதீங்க அங்கிள்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது (மல்டி ஃப்ரீக்வென்சி என்றால் பல அதிர்வெண்களில் இயங்குவது). அந்தச் செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்தது தற்செயலே.

பணம் கொடுக்கப் போன அன்று, தம் வீட்டு முன்புறத்துக் காய்ந்த புல்தரையில் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தைப் போட்டு, அதன் மேல் கருவியை வீசிக் காட்டினார். மணி அடித்தாற்போலத் தெளிவான ஒலி எழுந்தது. என்ன உலோகம் என்று குறிப்புக் காட்டும் எண்ணும் திரையில் அசையாமல் நின்றது. மண்ணுக்கு மேலே கிடக்கும் நாணயத்தை எந்தக் கருவியும் காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே சாயம் வெளுத்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில், கடல் உள்வாங்கியிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அலை எட்டாத காய்ந்த மணலில் கருவி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. ஒரு பாட்டில் மூடியும் ஒரு டின் வளையமும் அகப்பட்டன. ஈர மணலுக்கு இறங்கியதும், காயிலை (கோலின் அடியில் உள்ள, உலோகத்தை உணரும் வட்டை) எங்கே வீசினாலும் உலோகம் இருப்பதாக ஓயாமல் கத்தத் தொடங்கியது. உணர்திறனைக் குறைத்தேன், கத்தல் அடங்கியது, ஆனால் நான் கையால் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து வைத்த நாணயமும் அதனுடன் சேர்ந்து காணாமற் போயிற்று.

காரணத்தை வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே காயில் அனுப்பும் காந்தப்புலம் ஈர மணலிலேயே ஒரு மின்னோட்டத்தை எழுப்ப, ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவி அதை உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல், குவாசுலு நட்டால் கரையோர மணலில் இல்மனைட், மேக்னடைட் போன்ற கறுப்புத் தாதுக்களும் கலந்திருக்கின்றன (ரிச்சர்ட்ஸ் பேயில் சுரங்கம் நடப்பதே இத்தகைய மணலுக்காகத்தான்). அவற்றின் குறுக்கீட்டைச் சமன்செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் வசதி என் கருவியில் இல்லவே இல்லை. பெட்டியின் மேல் 'மல்டி ஃப்ரீக்வென்சி' என்று தனியாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது; உள்ளிருந்த கையேட்டிலோ 7 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே எண். வாட்டர்ப்ரூஃப் என்றதும் காயிலுக்கு மட்டும்தான். திரையும் மின்கலமும் உள்ள மேற்பெட்டியில் தண்ணீர் பட்டால் கருவி தொலைந்தது.

உண்மையான மல்டி ஃப்ரீக்வென்சி கருவி ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி, கிடைக்கும் பதில்களை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. பல்ஸ் இண்டக்‌ஷன் வகையும் (காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்புவது) ஈர மணலைத் தாங்கும். ஆனால் ஆணியையும் நாணயத்தையும் பிரித்துச் சொல்வதில் அது மிகவும் பின்தங்கியது என்பதால், முதன்முதலாக வாங்குகிறவர் தோண்டித் தோண்டிச் சலித்துப் போவார். பூங்காவிலும் காய்ந்த மணலிலும் மட்டும் தேடப் போகிறவருக்கு ஒற்றை அதிர்வெண் கருவியே போதும், அதற்கு இவ்வளவு விலையும் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் என்பது வெறும் கதை: நல்ல கருவியும் ஒரு நாணயத்தை ஏறத்தாழ ஒரு சாண், மண் ஒத்துழைத்தால் அதற்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில்தான் காட்டும்.

ஒன்றை மட்டும் கருவியின் குற்றமாக நான் சொல்ல மாட்டேன். நம்முடைய பத்து, இருபது, ஐம்பது சென்ட் நாணயங்களில் பெரும்பாலானவை முலாம் பூசிய எஃகு. ஆகவே அவற்றின் எண் திரையில் தாவிக்கொண்டே இருக்கும், இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் அவை அறவே கேட்காமலும் போகலாம். 1923 முதல் 1950 வரை அடித்த பழைய ஷில்லிங்குகளில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி உண்டு. அவை எந்தக் கருவியிலும் உயர்ந்த ஒலியோடு பேசும்.

விற்றவர் சொன்ன இன்னொரு யோசனையை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கடற்கரை சரிப்படாவிட்டால் லேடிஸ்மித் பக்கம் போங்கள், ஸ்பியன்கோப், இசண்டல்வானா போர்க்களங்களில் தோட்டாவும் பொத்தானும் நிறையக் கிடைக்கும் என்றார். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுச் செல்வச் சட்டப்படி, தொல்லியல் இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது மட்டுமன்று, உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு போவதே குற்றம். 75 ஆண்டுகளைக் கடந்த போர்த்தடங்களும் அந்தச் சட்டத்தில் தொல்லியலாகவே கணக்கிடப்படுகின்றன. அவர் பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் நான் இழந்தது 6,800 ராண்டோடு நின்றிருக்காது.

நான்காம் நாளே கருவியைத் திருப்பிக் கொண்டுபோனேன். உப்புநீரில் பயன்படுத்திக் கெடுத்துவிட்டீர்கள் என்று என்னையே குற்றவாளியாக்கினார். பிறகு 2,500 ராண்ட் தருவதாக இறங்கி வந்தார். நான் ஏற்கவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, என்ன காரியத்துக்காக வாங்குகிறோம் என்பதை வியாபாரியிடம் குறிப்பாகச் சொல்லியிருந்தால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்திற்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம் என்கிறது 56ஆம் பிரிவு. இசிபிங்கோ ஈர மணலைப் பற்றி நான் எழுதிய கேள்வியையும் அவர் பதிலையும் அச்செடுத்து, ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியின் படத்தோடும் கையேட்டுப் பக்கத்தோடும் இணைத்து முறையீடு அனுப்பியிருக்கிறேன். தொழிலாக விற்காமல், தாம் வைத்திருந்த பழைய கருவியைத் தள்ளிவிடும் தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது என்பதையும் கவனியுங்கள்.

சென்ற வாரம் வேறொருவரிடம் விலை கேட்டபோது, கருவியோடு கடற்கரைக்கே வர முடியுமா என்று முதலில் கேட்டேன். சனிக்கிழமை காலை, கடல் வற்றும் நேரத்துக்கு வருகிறேன் என்றார். நாணயத்தை நானே புதைத்து வைக்கப் போகிறேன்.