"குணமாயிடுச்சு சார், கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. 7,400 ரூபாய் போச்சு

இன்னிக்குக் காலையில செத்துப்போன அஞ்சாவது ஏஞ்சல் மீனையும் வலையில எடுத்துப் போட்டாச்சு. அந்தக் கோபத்தோடதான் எழுதுறேன்.

பெங்களூர்ல, அல்சூர்ல இருக்கேன். வீட்ல மூணடி மீன் தொட்டி, அஞ்சு ஏஞ்சல், ஆறு கோரி (தொட்டி அடியில மேயுற குட்டிக் கெளுத்தி). சென்னையில வண்ண மீன் விக்கிற கொளத்தூர் போய் ஒவ்வொண்ணாப் பார்த்துப் பொறுக்கி, ராத்திரி பஸ்ல மடியில வச்சுக் கொண்டு வந்த மீனுங்க. டிசம்பர் குளிர்ல பெரிய ஏஞ்சல் மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கல்லுல போய் உடம்பைத் தேய்ச்சுக்குது. அதைப் பிரிச்சு வச்சு வைத்தியம் பார்க்கத் தனித்தொட்டி வைக்க வீட்ல இடமில்ல. அதனால ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

கடை பேர் சொல்லல. லவ் பேர்ட்ஸ், நாய் பெல்ட், மீன்னு எல்லாம் கலந்து விக்கிற கடை. என் கன்னடத் தடுமாற்றத்தைப் பார்த்துட்டு கல்லாவுல இருந்தவர், "தமிழா? நமக்கு வேலூர் பக்கம் சார்"னார். அங்கதான் விழுந்தேன். "தனியா ஆஸ்பத்திரித் தொட்டியே வச்சிருக்கேன். 14 நாள்ல சுத்தமாக்கித் தர்றேன், உங்க மீன் என் மீன் மாதிரி." 1,900 ரூபாய். நின்ன இடத்துலயே யூபிஐ. ஊர்க்காரர்கிட்ட பில் கேக்கவே கூச்சமா இருந்துச்சு.

ஆறாம் நாளே போன். "புள்ளி எல்லாம் போயிடுச்சு, கூட்டிட்டுப் போங்க." 14 நாள் சொன்னீங்களேன்னு கேட்டேன். "நம்ம மருந்து அப்படி சார்." கவரைக் கட்டிக் குடுத்த பையன், "தண்ணியோடவே ஊத்துங்க, மருந்துத் தண்ணி, மத்த மீனுக்கும் நல்லது"ன்னான். ஊத்தினேன். என்னை என்ன சொல்றது!

புள்ளி உதிர்ந்தா நோய் போச்சுன்னு அர்த்தமில்லையாம், இப்பத்தான் படிச்சேன். அந்தக் கிருமி தோலுக்கு அடியில இருக்கிற வரைக்கும் மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து அடியில ஒட்டிக்கிட்டு, ஒண்ணு நூறாப் பெருகி நீந்தி வரும்போதுதான் மருந்துல சாகும். தண்ணி குளிர்ந்திருந்தா இந்தச் சுத்து முடியவே வாரக்கணக்குல ஆகும். ஆறு நாள்ல குணமாம்!

எனக்கோ, வீட்டுத் தொட்டியில ஊத்தின அஞ்சாம் நாள் எல்லா மீன் மேலயும் புள்ளி. ஏஞ்சல் அஞ்சும் போச்சு, கோரியில நாலு போச்சு. மீன் 5,500, வைத்தியம் 1,900. ஆக 7,400. "இதுக்கு வஞ்சிரம் வாங்கியிருந்தா ரெண்டு மாசம் வறுத்துத் தின்னிருக்கலாம்"னு வீட்டம்மா வேற.

போன் பண்ணினா முதல்ல "வெதர் சார்". அப்புறம் "காவிரித் தண்ணியில குளோரின் ஜாஸ்தி". அப்புறம் "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்". நான் பேசிட்டிருந்ததே ஓனர்கிட்டதான்! நேர்ல போனேன். "உங்க தொட்டியிலயே கிருமி இருந்திருக்கும்"னார். இருந்திருக்கலாம், மறுக்கல. அப்போ மொத்தத் தொட்டிக்கும் மருந்து போடுங்கன்னு முதல் நாளே ஏன் சொல்லல? பதில் இல்ல. அந்த ஆஸ்பத்திரித் தொட்டியைக் காட்டுங்கன்னேன். விக்கிற மீன் தொட்டிங்களுக்கு நடுவுல ஒண்ணு. என் கண் முன்னாடியே அதுல விட்ட வலையை அப்படியே பக்கத்துத் தொட்டியில விட்டான் பையன். "உயிருள்ள பொருளுக்கு ஏது சார் கேரண்டி?" இப்ப வாட்ஸாப்ல நீல டிக் மட்டும் விழுது. 7,400 ரூபாய்ங்க.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்கார்ந்தேன், பொறுமை இல்ல. கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரமாவது தனியா வச்சுப் பாருங்க. திரும்ப விடும்போது கவரை மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மீனை மட்டும் விடுங்க, அந்தத் தண்ணியைச் சாக்கடையில கொட்டுங்க. வலை தனித்தனி. தனித்தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா போதுமாம், 1,900 எதுக்கு? பில் வாங்குங்க, வேலூரா இருந்தாலும்.

மிச்சம் ரெண்டு கோரி. ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டிருக்கேன். ஒண்ணு மேல இன்னும் புள்ளி இருக்கு.