ரோபோகாப்பியும் இரண்டு விநாடிக் கணக்கும்

விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி, கையே வைக்காத ஃபைல்களைக்கூட ராத்திரிதோறும் பென்டிரைவில் முதலிலிருந்து ஏற்றுகிறதே, ஸ்கிரிப்ட்டில் என்ன தப்பு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஸ்கிரிப்ட்டில் ஒரு தப்பும் இல்லை. பென்டிரைவில் ஃபைல்களை வைக்கும் முறை ஃபேட்32, அவ்வளவுதான்.

விண்டோஸ் வட்டில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் முறை, நேரத்தை 100 நானோவிநாடி நுணுக்கத்தில் குறித்து வைக்கும். ஃபேட்32-இல் மாற்றிய நேரத்துக்கு மொத்தமே 16 பிட். மணிக்கு 5, நிமிடத்துக்கு 6 போனால் விநாடிக்கு மிஞ்சுவது 5. அதில் 60 விநாடி அடங்காததால் இரண்டிரண்டாகத்தான் எண்ணும். காப்பி முடிந்த கணமே இரு பக்க நேரமும் ஒத்துப்போகாது. மறுநாள் ரோபோகாப்பி அதை வேறு ஃபைல் என்றே பார்க்கும். கட்டளையோடு ஸ்லாஷ் எல் (/L) சேர்த்து ஓட்டுங்கள், காப்பி செய்யாமல் பட்டியல் மட்டும் வரும். தொடாத ஃபைலுக்கு நேரே 'ஓல்டர்' என்று இருந்தால் இதே கோளாறுதான். ஸ்லாஷ் எஃப்எஃப்டி (/FFT) போட்டால் 2 விநாடி வித்தியாசத்தை விட்டுவிடும். அளவு மாறாமல் அந்த 2 விநாடிக்குள் திருத்தப்பட்ட ஃபைல் தப்பிப்போகலாம். ஆபீஸ் பேக்கப்புக்கு அது பொருட்டில்லை.

இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்கவே முடியாதது, எத்தனை முறை மறுபடி முயல்வது என்று சொல்லும் ஸ்லாஷ் ஆர் (/R), இடையில் எத்தனை விநாடி காத்திருப்பது என்று சொல்லும் ஸ்லாஷ் டபிள்யூ (/W) இரண்டுக்கும் நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பு. வேறு புரோகிராம் பூட்டி வைத்திருக்கும் ஃபைலில் முட்டினால் பிழை 32 காட்டும், 30 விநாடி காத்திருக்கும், மறுபடி முயலும். எத்தனை முறை? 10 லட்சம். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்கு 347 நாள்! எந்த மகராசன் இந்த எண்ணை யோசித்தானோ. ஆர் 3, டபிள்யூ 5 என்று கொடுக்காமல் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பூட்டாமலே எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் இன்னும் மோசம். பாதி எழுதியதைப் பிழையே காட்டாமல் காப்பி செய்துவிடும். காப்பிக்கு முன்னால், பெயர் மாற்றும் ரென் கட்டளையால் அந்த ஃபைலைத் தற்காலிகப் பெயருக்கு மாற்றிப் பாருங்கள். எழுதும் புரோகிராம் ஃபைலை விடாத வரை பெரும்பாலும் பெயர் மாறாது. சற்றுக் காத்து மறுபடி முயல வேண்டும். காத்திருக்க டைம்அவுட் கட்டளை வேண்டாம், விசைப்பலகைக்குப் பதில் வேறிடத்திலிருந்து உள்ளீடு வரும்படி திசைதிருப்பப்பட்ட இடத்தில் அது காத்திராமல் உடனே பிழையோடு வெளியேறும். அதற்குப் பதில் 127.0.0.1-க்கு, அதாவது அதே கணினிக்கே, 6 பிங் அனுப்பினால் ஏறக்குறைய 5 விநாடி.

இன்னொன்று, ரோபோகாப்பி முடியும்போது தரும் வெளியேறும் எண் 1 வந்தால் பதறாதீர்கள், காப்பி நடந்திருக்கிறது என்று பொருள். 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி.

புதிதாக வருபவருக்கு ரோபோகாப்பியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். என் பேட்ச் ஃபைலில் பழைய காப்பிக் கட்டளையான எக்ஸ்காப்பியைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணமும் இல்லை.